பார்த்தவர் கையெழுத்து

விசிலக்காவுக்குக் கோபம் வரக் காரணமே தேவையில்லை என்று அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அது அபாண்டம். காரணம் எப்போதும் இருந்தது. குழாயடியில் சோப்பு நுரை காய்ந்து கிடந்தால் அது காரணம். கண்ணாடியில் துணியின் கோடு தெரிந்தால் அது காரணம். மாப்பைப் பிழியாமல் இழுத்துவிட்டு, "காய்ஞ்சிடும்க்கா" என்று ஒருத்தி சொன்னால் அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? ஒன்பது மாடிக் கட்டடத்தின் துப்புரவுக்கு அவள் ஒருத்திதான் சூப்பர்வைசர். மேலே உள்ளவர்கள் அவளைக் கரித்துக் கொட்டினார்கள், அவள் கீழே உள்ளவர்களை. நடுவில் தரை பளபளத்தது.

கட்டடத்தின் அடியில் கார் நிறுத்தும் இடத்தில் போன் எடுக்காது. அங்கே வேலை செய்கிறவர்களைக் கூப்பிட அவள் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பாள். தூங்குகிற வாட்ச்மேன் எழுந்து சல்யூட் வைப்பான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

ஒவ்வொரு கழிப்பறைக் கதவுக்குப் பின்னாலும் ஒரு ஷீட் தொங்கும். அதில் மூன்று கட்டம்: நேரம், செய்தவர், பார்த்தவர். மணிக்கொரு தரம் கழுவ வேண்டும். கழுவினவள் 'செய்தவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விசிலக்கா வந்து பார்த்துவிட்டு 'பார்த்தவர்' கட்டத்தில் போட வேண்டும். இந்த மாதிரி ஷீட் எங்கெல்லாம் தொங்குகிறதோ அங்கெல்லாம் ஒரே ஒரு திருட்டுத்தனமும் கூடவே தொங்கும். காலையில் வந்ததுமே சாயங்காலம் வரைக்கும் போட்டு வைத்துவிடுவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் இரண்டு மூன்று பேனாவை மாற்றி மாற்றிப் போடுவார்கள். விசிலக்கா ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள்.

"பேனாவை மாத்துவே. கையை மாத்துவியா?"

பிடிபட்டவள் முகத்தில் ஈயாடாது. நிஜமாகக் கழுவினவளுடைய கை ஈரமாக இருக்கும், எழுத்து இழுபட்டிருக்கும், தாளில் பிளீச்சிங் வாடை ஏறியிருக்கும், ஒரு தரம் அவசரத்தில் சாய்ந்திருக்கும், ஒரு தரம் அலுப்பில் நெளிந்திருக்கும். எல்லாக் கையெழுத்தும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தால் அது பொய். இது அவளுடைய முதல் சட்டம். கண்ணால் பார்க்காத வரிக்கு எதிரே கையெழுத்துப் போடக் கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவது, செக்கிங்குக்கு ஒருபோதும் சொல்லிவிட்டு வரக் கூடாது. "சொல்லிட்டு வர்றதுக்குப் பேரு விருந்து" என்பாள்.

இதையெல்லாம் வீட்டில் சாப்பிடும்போது மகளிடம் நடித்துக் காட்டுவாள். மகள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பேனாவை மாத்துவே, கையை மாத்துவியா?" என்று அம்மா குரலிலேயே கேட்பாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். புருஷன் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருந்தான்; அவனைப் பற்றிப் பேசுவது இத்தோடு போதும்.

பிறகுதான் படிக்கட்டில் வழுக்கி விழுந்தாள். அவளே நின்று, "இன்னும் கொஞ்சம் சோப்புப் போடு" என்று கழுவ வைத்த படிக்கட்டு. முதுகில் அடி. டாக்டர் தலையை நிமிர்த்தாமல் ஒரு வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை போனபோதும் நிமிரவில்லை, அதையே எழுதினார். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். அந்த டாக்டரின் முகம் இப்போது எதிரில் வந்தால்கூட விசிலக்காவுக்கு அடையாளம் தெரியாது, உச்சந்தலையைக் காட்டினால்தான் தெரியும்.

வலி போனது. வலியோடு சேர்ந்து மற்றதும் போனது. மேலதிகாரி கத்தினால் எங்கோ பக்கத்து வீட்டில் கத்துகிற மாதிரி இருந்தது. ஷீட்டில் திருட்டுக் கையெழுத்தைப் பார்த்தால், போகட்டும் பாவம் என்று தோன்றியது. அந்த ஒரு வருஷம் விசிலக்கா யாரையும் திட்டவில்லை. வாய் எந்நேரமும் காய்ந்து கிடந்ததால் விசிலும் வரவில்லை. கீழே வேலை செய்கிறவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். கட்டடம் நாறியது.

டாக்டர் ஒருநாள் நிறுத்திவிட்டார், அப்போதும் நிமிராமல்தான். அதற்குப் பிறகு மாத்திரைக்காக அவள் ஏறி இறங்காத மருந்துக்கடை இல்லை, சொல்லாத பொய் இல்லை. இருக்கிற பொய்யெல்லாம் தீர்ந்துபோன சமயத்தில்தான் மகள் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

இதைப் பூசி மெழுகிச் சொல்வதற்கில்லை. மகளுக்கு மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்தார்கள். முதல் சில நாள் வலி கடுமையாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டப்பாவில் மாத்திரை போட்டுக் கொடுத்தார்கள். அம்மா தின்னுகிற அதே மாத்திரை. வீட்டுக்கு வந்த அன்றே விசிலக்கா டப்பாவைக் காலி செய்து தன் பையில் போட்டுக்கொண்டாள். அதே வெள்ளையில், அதே அளவில் இருந்த கால்சியம் மாத்திரையை டப்பாவில் நிரப்பி வைத்தாள். மகள் வேளை தவறாமல் அதை விழுங்கினாள். விழுங்கிவிட்டு மத்தியானம் முழுவதும் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"வலி தாங்கலைம்மா. மாத்திரை கேட்கவே மாட்டேங்குது."

மகளின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மகளின் கட்டில் ஓரத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்த அந்தத் தாய் சொன்னாள்: "நடிக்காதேடி. உலகத்துல உனக்கு மட்டும்தான் கை உடைஞ்சிருக்கா?"

பார்க்க வந்த விசிலக்காவின் தங்கைதான் டப்பாவைத் திறந்து, மாத்திரையின் மேல் அச்சடித்திருந்த எழுத்தைப் படித்துக் கண்டுபிடித்தாள். மகள் ஒற்றைக் கையால் துணி எடுத்து வைத்தாள். "போறதா இருந்தா சாவியை வச்சிட்டுப் போ!" என்று விசிலக்கா வாசல் வரைக்கும் கத்தினாள். மகள் சாவியை வைக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. சித்தி வீட்டுக்குப் போனவள் போனவள்தான்.

அதன்பிறகு தங்கை இழுத்துக்கொண்டு போய்ச் சிகிச்சையில் சேர்த்தாள். உடம்பு நடுங்கியதையும் வயிறு புரண்டதையும் விசிலக்கா யாரிடமும் சொல்லவில்லை, நமக்கும் வேண்டாம். வெளியே வந்தபோது மாத்திரை போயிருந்தது, கோபம் திரும்ப வந்திருந்தது, வட்டியும் முதலுமாக. ஆனால் மகளுடைய டப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் அவளிடம் ஒரே பதில்தான்: "ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. தெரியாம மாறிப்போச்சு." இதை அவள் தங்கையிடம் சொன்னாள், டாக்டரிடம் சொன்னாள், ஆலோசனை சொல்லும் பெண்ணிடமும் சொன்னாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த ஆலோசனைப் பெண் சின்ன வயசு. பச்சைத் தண்ணீர் பட்டால்கூட நோகும் என்கிற மாதிரி பேசுவாள். அவள்தான் அந்தப் புத்தகத்தைக் கொடுத்தாள். 'என்னை நான் எழுதுகிறேன்' என்று பெயர். அட்டையில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாளுக்கொரு பக்கம், பக்கத்துக்கொரு கேள்வி, கீழே கோடு போட்ட இடம், மூலையில் ஒரு பூ.

"தினமும் ஒரே ஒரு பக்கம் எழுதினா போதும்க்கா, முடிச்சதும் நான் பார்த்துக் கையெழுத்துப் போடுறேன். மனசுல வர்றதை அப்படியே எழுதுங்க. இதுல சரி, தப்புன்னு எதுவுமே கிடையாது."

"சரி தப்பு இல்லைன்னா அப்புறம் நீங்க எதுக்கும்மா பார்க்கிறீங்க?"

அந்தப் பெண் சிரித்தாள். விசிலக்கா சிரிக்கவில்லை. அவள் கேட்டது நிஜமான கேள்வி.

மகளுக்கு இந்தப் புத்தகத்தின் விஷயம் சித்தி மூலம் தெரிந்தது. அவள் போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "அதை ஒழுங்கா எழுதி முடி. எங்கிட்ட கொண்டு வந்து காட்டு. அப்புறம் வீட்டுக்கு வர்றதைப் பத்திப் பேசலாம்." பெற்ற பிள்ளை தாய்க்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறது! விசிலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சமையலறையில் இரண்டாவது தட்டு கவிழ்த்தே கிடந்தது. அந்தத் தட்டு நிமிர வேண்டுமென்றால் இந்தப் புத்தகம் நிரம்ப வேண்டும்.

உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைத் திறந்தாள். 'உங்கள் பழக்கத்தை ஒரு நண்பராக நினைத்து, அவருக்கு விடைகொடுத்து ஒரு கடிதம் எழுதுங்கள்.'

"நண்பராம்! அவருக்காம்! மரியாதை வேற!"

அடுத்த பக்கம். 'உங்கள் உடலின் ஒவ்வொரு பாகத்துக்கும் நன்றி சொல்லுங்கள்.' முதுகுக்கு நன்றி சொல்வதா? அந்த முதுகால்தானே இத்தனையும். அதற்கடுத்த பக்கம். 'கோபம் ஒரு சுமை. அதை எங்கே இறக்கி வைப்பீர்கள்?' இதைப் படித்ததும் புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். ஒரு வருஷம் முழுக்கக் கோபத்தை இறக்கி வைத்துவிட்டுத்தானே அவள் நாசமாய்ப் போனாள்! இவர்கள் அதையே மறுபடி இறக்கச் சொல்கிறார்களே, இவர்களுக்கு என்ன தெரியும்?

அதோடு சரி. புத்தகம் சுவரோரமாகக் கிடந்தது. வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. ஆலோசனைப் பெண்ணிடம், "எழுதிக்கிட்டிருக்கேன், முடிச்சுக் கொண்டாறேன்" என்றாள். முடித்துக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, விசிலக்கா வாழ்நாள் முழுக்க எந்தக் காரியத்துக்காக மற்றவர்களை உண்டு இல்லை என்று ஆக்கினாளோ அந்தக் காரியத்தைச் செய்யச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். நீலப் பேனா ஒன்று, கறுப்பு ஒன்று, மை சரியாக இறங்காத பேனா ஒன்று. திருட்டுத்தனத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்? சில பக்கத்தைச் சாய்த்து எழுதினாள். சில பக்கத்தில் ஒரு வார்த்தையை வேண்டுமென்றே அடித்தாள். கடைசியில் எழுந்து போய்க் குழாயில் விரலை நனைத்து வந்து அங்கங்கே தெளித்தாள்.

'இன்று மாத்திரை நினைப்பு வந்தது. ஆனால் மனதை அடக்கிக்கொண்டேன்.' 'இன்று மனம் அமைதியாக இருந்தது.' 'இன்று யாரையும் திட்டவில்லை.' எழுதும்போது கை கூசவில்லை. 'யாரைப் புண்படுத்தினீர்கள்? எப்படி?' என்ற பக்கத்தில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, 'எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம்' என்று எழுதிவிட்டுப் புரட்டினாள்.

ஆலோசனைப் பெண் பக்கங்களை விறுவிறுவென்று தள்ளினாள். "அருமைக்கா. எவ்வளவு பொறுமையா எழுதியிருக்கீங்க!" கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் வரைந்தாள்.

தப்பித்தோம் என்றுதான் விசிலக்காவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. ஒரு பக்கத்தைக்கூடத் தூக்கிப் பிடித்துப் பார்க்கவில்லையே! என்ன லட்சணத்தில் வேலை பார்க்கிறாள் இவள்! தன்னிடம் வேலை செய்தால் இந்தப் பெண்ணை ஒரு வாரம் கார் நிறுத்தும் இடத்துக்குப் போட்டிருப்பாள். அந்த எரிச்சலோடேயே பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போனாள்.

மகள் சமையலறை மேஜையில் புத்தகத்தை வாங்கி வைத்தாள். மணிக்கட்டில் தையல் வடு இன்னும் சிவப்பாக இருந்தது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் புரட்டினாள். முதல் பக்கம். நடுவில் ஒரு பக்கம். கடைசியில் ஒரு பக்கம். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். 

"தண்ணி மூலையில இருக்கு" என்றாள் மகள். "கை படுற இடத்துல இல்லை."

"என்னடி சொல்றே?"

"பேனாவை மாத்துவே. கையை மாத்துவியாம்மா?"

அடுப்படியில் நின்ற தங்கை கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"போன புதன்கிழமைக்கு என்ன எழுதியிருக்கே பாரு. 'மனம் அமைதியாக இருந்தது.' அன்னைக்குத்தான் சித்திக்குப் போன் போட்டுக் காது கிழியக் கத்தினே. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்."

"எனக்கே செக்கிங்கா? பெத்தவளுக்கா?" விசிலக்கா எழுந்து நின்றுவிட்டாள். "படிச்சவ ஒருத்தி பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கா. நீ யாருடி அதுக்கு மேல?"

மகள் 'யாரைப் புண்படுத்தினீர்கள்?' என்ற பக்கத்தைத் தேடி எடுத்தாள். சத்தமாகப் படித்தாள்.

"எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம்." தலையை நிமிர்த்தினாள். "எனக்கு எவ்வளவும்மா? கொஞ்சமா?"

"டப்பா தெரியாம மாறிப்போச்சுன்னு எத்தனை தடவைடி..."

மகள் புத்தகத்தை மூடி அம்மா பக்கம் தள்ளினாள். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "நீ கிளம்புக்கா" என்றாள் தங்கை. அவள் அதைக் கத்தாமல் சொன்னதுதான் சுட்டது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக விசிலக்கா ஆலோசனைப் பெண்ணின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்தாள். புத்தகத்தை மேஜையில் விட்டெறிந்தாள்.

"ஏன் பார்க்கலை நீ? எம் பொண்ணு மூணு பக்கம் புரட்டினதுல கண்டுபிடிச்சிட்டா. நீ சிரிச்ச மூஞ்சி வரைஞ்சு கொடுக்கிறே! இதுக்குத்தான் சம்பளம் வாங்குறியா?"

அந்தப் பெண் முகம் வெளிறிவிட்டது. "பார்த்தேன்க்கா" என்றாள். "எல்லாம் ஒரே நாள்ல எழுதினதுன்னு அப்பவே தெரிஞ்சிடுச்சு. திருப்பிக் கொடுத்தா நீங்க மறுபடி வரவே மாட்டீங்களோன்னு பயமா இருந்துச்சு. அதான் போட்டேன்."

"பயப்படுறவங்கல்லாம் ஏன் செக்கிங் வேலைக்கு வர்றீங்க?"

"தப்புதான்க்கா. திட்டுங்க, வாங்கிக்கிறேன்." அந்தப் பெண் கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஆனா அதுல பொய் எழுதினது நான் இல்லையே."

விசிலக்கா விருட்டென்று திரும்பினாள். புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அன்றைக்குக் கட்டடத்தில் அவள் கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வாட்ச்மேனுக்கு ஒரு பாட்டு. லிஃப்ட் கண்ணாடியில் கைரேகை பதித்த அதிகாரிக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு பாட்டு. நாலாவது மாடிக்காரி காலையிலேயே மத்தியானம் வரைக்கும் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தாள். "பேனாவை மாத்துவே..." என்று ஆரம்பித்த விசிலக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள். நாலாவது மாடிக்காரி ஒன்றும் புரியாமல் கன்னத்தைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது.

"பல் டாக்டர் மாத்திரை கொடுத்திருக்காருக்கா. அதைப் போட்டாத்தான் நிக்கவே முடியுது" என்றாள் பாவம். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னாள்.

அதற்குப் பிறகு விசிலக்காவின் காதில் வேறெதுவும் விழவில்லை. எல்லோரும் மாடிகளில் இருந்த நேரத்தில், துணி மாற்றுகிற சின்ன அறைக்குப் போனாள். நாலாவது மாடிக்காரியின் பை ஆணியில் தொங்கியது. ஜிப்பைத் திறந்தாள். டிபன் டப்பா, சீப்பு, அதற்கடியில் மாத்திரை அட்டை. பெயரைப் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. அட்டையின் முதுகில் விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. அட்டையைக் கையில் எடுத்தாள். மகள் மீது வந்த கோபம், தங்கை மீது, அந்தப் பெண் மீது, நிமிராத டாக்டர் மீது வந்த கோபமெல்லாம் ஒரு நொடியில் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நின்றன. ஒன்றே ஒன்று போட்டால் போதும், எல்லாம் பக்கத்து வீட்டுச் சத்தமாகிவிடும்.

"என்னக்கா தேடுறீங்க?"

வாசலில் நாலாவது மாடிக்காரி.

அட்டை கையிலிருந்து பைக்குள் நழுவியது. "பேனா" என்றாள் விசிலக்கா. "என் பேனா எழுதலை."

"அட, கேட்டா கொடுத்திருப்பேனே!" நாலாவது மாடிக்காரி தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க. வச்சுக்குங்க."

காலையில்தான் அவளைக் கள்ளக் கையெழுத்துக்காகத் திட்டியிருந்தாள். அந்தக் கள்ளக் கையெழுத்துப் போட்ட பேனாதான் இது. விசிலக்காவுக்குக் காதுமடல் வரைக்கும் எரிந்தது. இப்போது யார் மீது கோபப்படுவது என்று சுற்றிலும் பார்த்தாள். அறையில் ஆணியும் பைகளும் தவிர வேறு யாரும் இல்லை.

நாலாவது மாடிக் கழிப்பறைக்கு ஏறிப் போனாள். ஒரு பக்கெட்டை எடுத்தாள். பிளீச்சிங் கரைசலை ஊற்றி, சூப்பர்வைசரான பிறகு தொடாத பிரஷைத் தொட்டு, தொட்டிகளையும் தரையையும் தேய் தேய் என்று தேய்த்தாள். முதுகு முனகியது. "கத்து, நல்லாக் கத்து" என்றாள் அதனிடம். கழுவி முடித்ததும் கதவுக்குப் பின்னால் போடுகிற ஷீட் கட்டிலிருந்து ஒரு புதுத் தாளை உருவினாள். துடைக்காத கையோடு, கைகழுவும் மேடை மேலேயே வைத்து எழுதினாள். நேரம் என்ற கட்டத்தில் நேரம். அதற்குப் பக்கத்திலேயே நெருக்கிச் செய்த காரியம். செய்தவர் கட்டத்தில் தன் கையெழுத்து.

'இன்று மத்தியானம். நாலாவது மாடிக்காரி பையைத் திறந்தேன். மாத்திரையைக் கையில் எடுத்தேன். அவள் வந்ததால் வைத்தேன். வராவிட்டால் வைத்திருக்க மாட்டேன்.' கையெழுத்து.

'ஞாயிற்றுக்கிழமை. புத்தகம் பூராவும் ஒரே மூச்சில் எழுதினேன். தண்ணீர் தெளித்தேன்.' கையெழுத்து.

'மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று. டப்பா தானாக மாறவில்லை. நான்தான் மாற்றினேன்.' கையெழுத்து.

அடுத்த வரிக்கு வந்தபோது பேனா வழுக்கியது. கையைத் துடைத்துக்கொண்டு எழுதலாம். துடைக்கவில்லை.

'அதற்கு மறுநாள் மத்தியானம். மகளுக்கு வலித்தது. அவளுக்கு வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நடிக்காதே என்றேன்.' கையெழுத்து.

கீழே வந்து பேனாவை நாலாவது மாடிக்காரியிடம் நீட்டினாள். "நான் பேனா தேடலை. உன் மாத்திரையைத் தேடினேன். இனிமே பையைப் பூட்டி வை."

"எதுக்குக்கா? இங்க யாரு எடுக்கப் போறா?"

"நான்தான். பூட்டுன்னா பூட்டு!" என்று கத்தினாள் விசிலக்கா.

சாயங்காலம் தங்கை வீட்டுக் கதவைத் தட்டினாள். தங்கை திறந்து, வழியை விடாமல் நின்றாள். "உன்னைப் பார்க்க வரலை, தள்ளு" என்று சொல்லிவிட்டு விசிலக்கா உள்ளே போனாள். மகள் அதே மேஜையில் பாடப் புத்தகத்தோடு இருந்தாள். விசிலக்கா நாலாக மடித்த தாளை அவள் முன்னால் வைத்தாள்.

மகள் அதைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தாள். பிளீச்சிங் வாடை. எழுத்தின் மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தரம் தேய்த்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பிறகுதான் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றாள். அங்கேயே நின்றாள். மடியில் கிடந்த வலது கை மெல்ல மேலே வந்து மேஜையின் விளிம்பைப் பிடித்தது.

"தெரிஞ்சேவா?" என்றாள்.

"தெரிஞ்சேதான்."

"நான் அப்ப நிஜமாவே என் மேலதான் சந்தேகப்பட்டேன். நாமதான் ஓவரா பண்றோமோன்னு நினைச்சேன். வலிக்குதுன்னு சொல்றதுக்கே வெட்கமா இருந்துச்சு." மகளின் குரல் உடைந்து, உடனே உரத்தது. "ஏம்மா அப்படிச் சொன்னே? எடுத்ததுகூடப் பரவாயில்லை. நடிக்காதேன்னு ஏன் சொன்னே?"

அவள் கத்தினாள். விசிலக்கா கேட்டுக்கொண்டு நின்றாள். வேறு யாராவது இப்படிக் கத்தியிருந்தால் கட்டடமே அதிர்ந்திருக்கும். இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது அவளுடைய சொந்தச் சரக்கு. தங்கை குறுக்கே வந்தாள். "நீ சும்மா இரு, அவ கத்தட்டும்" என்று விசிலக்கா அவளைத் தடுத்துவிட்டாள்.

கத்தி ஓய்ந்ததும் மகள் மூக்கை உறிஞ்சினாள். பாடப் புத்தகத்தின் நடுவிலிருந்த பேனாவை எடுத்தாள். வலது கையால்தான் எடுத்தாள். விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை. தாளின் கடைசி வரிக்கு எதிரே, 'பார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். கோணலாக இருந்தது. பேனாவை மூடிவிட்டாள்.

"மத்த வரிக்கெல்லாம்?" என்று கேட்டாள் விசிலக்கா.

"மத்ததை நான் பார்க்கலையே. பார்க்காததுக்கு எப்படிப் போடுறது?"

விசிலக்காவுக்குச் சுருக்கென்றது.  

"இனிமே எழுதப் போறதுக்கு?"

"வந்து பார்த்துட்டுத்தான் போடுவேன்."

"எப்ப வருவே?"

மகள் நிமிர்ந்து முறைத்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. "சொல்லிட்டு வர்றதுக்குப் பேரு என்ன?"

விசிலக்கா கையை நீட்டித் தாளை எடுத்தாள். அதை மடித்து ஜாக்கிரதையாகப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். செருப்பை மாட்டினாள். பிறகு திரும்பி, திட்டுகிற குரலிலேயே கேட்டாள்.

"சாவி உங்கிட்டதானே இருக்கு?"

"எங்கிட்டதான் இருக்கு" என்றாள் மகள்.